மூடிப் பார்த்த சன்னல்

என் நண்பனுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு நிமிடப் படம். கணினியில் அவனே வரைந்து அசைய வைத்தது. சென்னையில் ஓர் அனிமேஷன் நிறுவனம் அதைப் பார்த்துவிட்டு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் அவன் அம்மாவுக்கு எண்ணெய்க் கடை. காலமெல்லாம் அதில் உட்கார அவனுக்கு மனமில்லை. இந்த வேலையை விட்டால் வேறு வழியும் இல்லை.

அவனுடைய பழைய கணினியில் படம் முழுதாக உருவாக மூன்று நாள் ஆகும். அவன் வரைந்து முடித்த பிறகு, அவர்கள் சொன்ன கடைசி நாளுக்கு மிஞ்சப்போவதோ இரண்டு நாள். கணினியின் மூளையான ப்ராசசரின் வேகத்தைக் கூட்டித் தருகிறேன் என்று, தென்காசியில் என் வீட்டுக்கு அதைத் தூக்கி வந்தவன் நான்தான்.

வேகம் கூடினால் சூடும் கூடும். அந்தச் சூட்டை இழுத்துக்கொள்ள ப்ராசசர் மேல் உட்காரும் ஹீட்சிங்கின் அடிப்பாகம் பார்வைக்குச் சமதளமாகத்தான் இருந்தது. அதில் மார்க்கரால் கோடுகள் போட்டேன். அலமாரிக் கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து, தண்ணீர் தெளித்து, நாலு இழுப்பு இழுத்தேன். ஓரத்துக் கோடுகள் அழிந்தன, நடுவில் அப்படியே நின்றன. நடுவில் பள்ளம்; அங்கே ப்ராசசரோடு ஒட்டாது. முரட்டுத் தாளில் தொடங்கி நைசான தாள் வரை இரண்டு நாள் தேய்த்தேன். மேல்பூச்சு போய்ச் செம்பு வந்தது. கடைசியில் அதில் என் மூக்கே தெரிந்தது. விரல் நுனியில் தோல் உரிந்தது பெரிதாகப் படவில்லை. தலைக்கனம் அப்படி.

அது சாரல் காலம். சூடு கடத்தும் பேஸ்ட்டை அரிசி அளவு வைத்துப் பொருத்தி, குளிர்ந்த காற்று வர மேற்குச் சன்னலைத் திறந்துவிட்டு, கணினியை முழுமூச்சில் ஓட்டினேன். எழுபது டிகிரியைத் தாண்டவில்லை. போனில் சொன்னதும், “ஏலே, பெரிய ஆளுலே நீ” என்றான்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அவன் வீட்டில் சன்னலைத் திறக்கவே மாட்டார்கள். திறந்தால் குரங்கு வந்து சோற்றுச் சட்டியைக் கவிழ்த்துவிடும். என் சன்னலை மூடிப் பார்த்தேன். கால் மணி நேரத்தில் தொண்ணூறு. இன்னும் ஏறினால் கணினி தானே அணைந்துவிடும். வேகத்தைக் கொஞ்சம் குறைத்திருந்தாலும் இரண்டு நாளில் படம் முடிந்திருக்கும். சொன்னதை மாற்றிச் சொல்ல எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. சன்னலைத் திறந்தேன். சூடு இறங்கியது. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

கடைசி நாளன்று சாரல் நின்று வெயில் சுள்ளென்று அடித்தது. சீசன் கூட்டம் என்பதால் அவன் கடையில் இருந்தான். சாயங்காலம் போன் வந்தது.

“மெஷினு அணைஞ்சு கெடக்குலே. படமும் போச்சு. இனி ஓட்ட நேரமில்ல.” பிறகு அவனே கேட்டான். “எங்கம்மா சன்னல மூடி வச்சிருந்தா. அதனால இருக்குமோ?”

“ஆமாலே, அதனாலதான் இருக்கும்” என்றேன்.

சென்னை வேலை இன்னொருவருக்குப் போயிற்று. கொஞ்ச நாளில் வேறொரு வேலை கிடைத்து நான்தான் சென்னைக்குப் போனேன்.

போன சாரலுக்கு ஊருக்கு வந்தபோது அந்தக் கடைக்குப் போனேன். அவன் தலையில் துண்டோடு, அருவிக்குப் போகிறவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். அவன் அம்மா எனக்கென்று ஒரு பாட்டிலில் எண்ணெய் ஊற்றினார். மூடியைத் திருகிக்கொண்டே, அவனுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

“அன்னைக்கு நான் அந்தச் சன்னல மட்டும் தொறந்து வச்சிருந்தேன்னா, எம்பிள்ள இங்கன நிப்பானாய்யா?”

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். “அத விடுங்கம்மா, பழைய கதை” என்றுதான் வந்தது. வெட்கமாக இருந்தது. பாட்டிலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

“இப்பல்லாம் தொறந்துதான்யா போட்டிருக்கேன்” என்றார். “குரங்கு வந்தா வந்துட்டுப் போவுது.”