விளக்கெண்ணெய் குடித்த கார்

மோட்டார் கராஜுக்கு வருகிறவர்கள் எல்லாரும் வண்டி ஏன் ஓடவில்லை என்றுதான் கேட்பார்கள். அது எப்படி நிற்கிறது என்று கேட்டவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. இலங்கையின் ஊவா மலை இறக்கங்களில், மிதித்த காலை எடுக்கவும் முடியாமல், அடுத்த வளைவைப் பார்க்கவும் துணியாமல் உட்கார்ந்திருந்தவர்களே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்ட பழக்கத்தை நம்பி, பதுளையில் காசிம் நானா தன் கராஜில் என்னைச் சேர்த்துக்கொண்டார். காரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இவ்வளவு கனமான வண்டி எப்படி நிற்கிறது என்ற கேள்வி மட்டும் வந்த நாளிலிருந்தே குடைந்துகொண்டிருந்தது.

கருகிய வாசனை

நானாவின் வாடகைக் காருக்குப் பின்சக்கரங்களில் மட்டும்தான் பிரேக். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்பு வளையத்தை ஒரு பட்டை இறுக்கிப் பிடிக்கும். பட்டைக்கு உள்பக்கம் தோல். மழையில் தோல் வழுக்கும், வெயிலில் கருகும். ஒருநாள் அப்புத்தளையிலிருந்து ஹல்துமுல்லைக்கு ஒரு பெரிய கங்காணியை ஏற்றிக்கொண்டு இறங்கினோம். நானா ஓட்டினார். நான் பக்கத்தில், மடியில் ஒரு மரக்கட்டையோடு. பிரேக் கைவிட்டால் குதித்துப்போய்ச் சக்கரத்துக்கு முன்னால் கட்டையைப் போடுவதுதான் என் உத்தியோகம்.

பாதி வழியில் கங்காணி மூக்கைச் சுளித்து, யார் வீட்டில் தோலைச் சுடுகிறார்கள் என்று கேட்டார். நானாவுக்குப் பொய் வராது. நம்ம சக்கரம்தான் என்றார். கங்காணி உடனே நிறுத்தச் சொன்னார். சொன்ன இடத்தைத் தாண்டி வெகுதூரம் போய்த்தான் வண்டி நின்றது. அவர் இறங்கி, கோட்டைத் தட்டிவிட்டு, மரியாதையாகவே சொன்னார்: “நான் நடந்தே வர்றேங்க. நீங்க எனக்கு முன்னாடி போய்ச் சேந்தீங்கன்னா, எங்க வீட்ல ஒரு வார்த்தை சொல்லிருங்க.”

பண்டாரவளைச் சந்தையில்

அந்த வார்த்தை நானாவைச் சுட்டுவிட்டது. தோலைக் கழற்றி எறிந்துவிட்டு, கொழும்பிலிருந்து கல்நார்ப் பட்டை வரவழைத்தார். பித்தளைக் கம்பி ஊடும் பாவுமாக ஓடிய முரட்டுத் துணி அது. நெருப்பில் காட்டினாலும் கருகவில்லை. செம்பு ஆணிகளால் அதை அவரே அடித்துப் பொருத்தினார். பிரேக் நன்றாகப் பிடித்தது. ஆனால் மிதித்தபோதெல்லாம் கழுத்தை அறுத்த மாதிரி ஓர் அலறல். பண்டாரவளைச் சந்தை நாளில் நாங்கள் நுழைந்தபோது ஆடுமாடெல்லாம் இரண்டு பக்கமும் சிதறி ஓடின.

எனக்குப் பொறுக்கவில்லை. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். இரும்பில் வரிவரியாகக் கீறல். ஆணித் தலை நின்ற இடமும் கீறல் விழுந்த இடமும் ஒன்றாக இருந்தன. துளைகளின் வாயை அகலமாக்கி, ஆணித் தலைகள் பட்டைக்குள்ளே அமுங்கும்படி மறுபடி அடித்தேன். சத்தம் போயிற்று. அடுத்த சந்தைக்குச் சத்தமில்லாமல் போய் நின்றபோது, முட்டைக்கோவா விற்கும் அம்மாள் ஒருத்தி கூடையை அவசரமாக இழுத்துக்கொண்டு சொன்னாள்: “போன தடவை மாடுதான் ஒதுங்குச்சு. இப்ப நாங்கல்ல ஒதுங்க வேண்டியிருக்கு.”

இரண்டு சைக்கிள் பம்புகள்

தோட்டங்களுக்குப் போய் வைத்தியம் பார்க்கும் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் அப்போது புதுக் கார் வாங்கினார். நாலு சக்கரத்திலும் பிரேக். கம்பி இல்லை, சங்கிலி இல்லை. மெல்லிய குழாய்களும் அவற்றுக்குள் ஏதோ ஒரு திரவமும்தான். திரவம் எப்படிச் சக்கரத்தைப் பிடிக்கும்? எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு சைக்கிள் பம்புகளை ஒரு ரப்பர்க் குழாயால் இணைத்துத் தண்ணீர் நிரப்பினேன். ஒன்றின் பிடியை அமுக்கினால் மற்றது விறைப்பாக எழும்பியது. குழாயில் கொஞ்சம் காற்று நின்றுவிட்டாலோ, அமுக்கம் எல்லாம் அந்தக் காற்றிலேயே வீணாகி, மற்றப் பிடி சோம்பலாக அசைந்தது.

நானாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். எழும்புகிற பிடியை அவர் பலம் கொண்டமட்டும் அமுக்கிப் பார்த்தார், முடியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான்: “உள்ளுக்கு ஜின் பூதமே இருந்தாலும் எனக்குப் பரவாயில்ல. கசியாம இருந்தாப் போதும்.”

ரப்பருக்கு எது ஆகும்?

கசிந்தது. எல்ல ஊர்ப் பக்கம் ஓர் இறக்கத்தில் பிரேக்கை மிதித்த டாக்டரின் கால் அடிப்பலகை வரைக்கும் போய்விட்டது. மண்மேட்டில் முட்டித்தான் கார் நின்றது. அவருக்கு நெற்றியில் சின்னக் காயம். மாடு கட்டி இழுத்து வந்தார்கள். ஒரு குழாய் மூட்டுத் தளர்ந்திருந்தது, இறுக்கிவிட்டேன். ஆனால் ஊற்றுவதற்குத் திரவம் இல்லை. கொழும்புப் பாதையில் மண் சரிந்து கிடந்தது. எண்ணெய் எல்லாம் ஒன்றுதான், எஞ்சின் எண்ணெயை விடு என்றார் நானா. உள்ளே குழாயை அடைத்துக்கொண்டு நகரும் மூடி ரப்பர் ஆயிற்றே என்று எனக்குத் தயக்கம். ரப்பர்த் துண்டுகளை வெட்டி, மண்ணெண்ணெய், எஞ்சின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் என்று தனித்தனிக் கோப்பையில் போட்டு வைத்தேன்.

மறுநாள் பார்த்தால், முதல் இரண்டிலும் ரப்பர் ஊதிக் கொழகொழவென்று கிடந்தது. தேங்காய் எண்ணெய் குளிரில் உறைந்துவிட்டது. விளக்கெண்ணெயில் மட்டும் ரப்பர் போட்டபடியே இருந்தது. ஆனால் எண்ணெய் தேன் மாதிரி தடிப்பு. அதை இளக்க ஸ்பிரிட் வேண்டும். இரண்டையும் கேட்டு டாக்டரிடமே போனேன். கோப்பைகளையும் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒவ்வொரு ரப்பரையும் நசுக்கிப் பார்த்தார். போத்தல்களை எடுத்துக் கொடுக்கும்போது முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்: “தம்பி, விளக்கெண்ணெயை நான் எத்தினையோ பேருக்குக் குடுத்திருக்கிறன். குடிச்சவங்கள் ஓடித்தான் பாத்திருக்கிறன், ஒருத்தரும் நிண்டதில்லை.”

பாறை விழுந்த வளைவு

குழாய்களில் காற்றே இல்லாதபடி ஊற்றி முடித்த அன்றே, ஹல்துமுல்லைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டதென்று ஆள் வந்தது. புதுத் திரவத்தை நம்பலாமா என்று டாக்டர் என்னைக் கேட்டார். நானும் வருகிறேன் என்றேன். அப்புத்தளை தாண்டியதும் பனிமூட்டம். ஒரு வளைவில் திரும்பினோம், நடுப்பாதையில் பாறை கிடந்தது. டாக்டர் மிதித்தார். நாலு சக்கரமும் ஒரே பிடியாகப் பிடித்தன. நான் இறங்கிப் பாறையைத் தொட்டபோது என் மற்றக் கை காரின் மேலேயே இருந்தது. இரண்டு பேருமாகப் பாறையைப் புரட்டிவிட்டு ஏறினோம்.

தாயும் பிழைத்தாள், பெண் குழந்தையும் பிழைத்தது. லயத்து வாசலில் அதன் தகப்பன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஏன் தாமதம் என்று கேட்டான், பாறையில் முட்டாமல் நின்றதைச் சொன்னேன். காரின் மூக்கைத் தடவிக்கொண்டே அவன் சொன்னான்: “அங்க நின்னதாலதாங்க இங்க வந்து சேந்துச்சு.”

பிரேக் வேலை பார்ப்பவனுக்கு வேறு விருது கிடையாது. வண்டியில் வந்தவர்கள் அவனை ஒருதரம்கூட நினைக்காமல் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தால் அதுவே பெரிய மரியாதை.