நீல அல்லிக்குச் சேறு பகையில்லை

திருநின்றவூரில் எங்கள் அடுக்குமாடிப் படிக்கட்டின் கீழே, பக்கத்து வீட்டம்மா ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் நீல அல்லி வளர்க்கிறார். நேற்று பூத்திருந்தது. "சேத்துல பொறந்தும் எவ்ளோ சுத்தமா இருக்குது பாருங்க" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பூவைப் பார்த்துக் கோபப்படுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனால் சேறு அதற்கு என்ன கெடுதல் செய்தது, சொல்லுங்கள்? கிழங்கு கிடப்பது சேற்றில், விதை முளைப்பதும் சேற்றில். காலையில் விரிந்து சாயங்காலத்துக்குள் கூம்பும். சில நாளில் காம்பு வளைந்து, தண்ணீருக்குள்ளேயே காய்க்கும்.

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த கம்பெனியின் பின்சுவரை ஒட்டி ஓர் ஏரி இருந்தது. என்னோடு பேக்கிங்கில் நின்ற மேரி அந்த ஏரிக்கரைக் காலனிக்காரி. அல்லிக் காம்பை ஒடித்து ஒடித்து, நார் அறுபடாமல் உரித்து, பூவே பதக்கமாகத் தொங்க மாலை செய்வாள். ஞாயிற்றுக்கிழமை மாதா சிலைக்கு அதுதான். "சாயங்காலமானா இதுவும் கை கூப்பிக்கினு தூங்குது பாரு" என்பாள்.

பிறகு கம்பெனி, கழிவுத் தண்ணீரை ஏரியில் விட, சுவருக்கடியில் ஒரு குழாய் வைத்தது. முதலில் நாற்றம். அப்புறம் இலைகளின் விளிம்பு கருகியது. மேரி மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். "பூவுக்காகவா வந்து நிக்கிற? போய் வேலையப் பாரு" என்று துரத்தினார்.

அதே மனிதர்தான், பெரிய ஆட்கள் பார்வையிட வந்த ஒரு காலையில் எங்களைக் கூப்பிட்டு, வரவேற்பறையிலிருந்த கண்ணாடித் தொட்டியைக் காட்டினார். "ஏரியில நீலமா ஒரு பூ இருக்குமே, பறிச்சிட்டு வந்து மிதக்க விடுங்க. நம்ம கம்பெனி இயற்கையோட இருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும்."

மேரி பக்கெட்டை எடுத்தாள். நானும் கூடப் போனேன். விருந்தாளிகள் உள்ளே நுழைந்த நேரத்தில் இருவருமாகத் தூக்கித் தொட்டியில் கவிழ்த்தோம். செம்பழுப்புத் தண்ணீர், அழுகிய காம்புகள், கொழகொழத்த கிழங்குகள். கைக்குட்டைகள் மூக்குக்குப் போயின.

"என்னடி இது?" மேனேஜர் கத்தினார்.

"நீ கேட்ட பூ தான் சார். உன் கொழாத் தண்ணி குடிச்சா இப்பிடித்தான் பூக்கும்."

சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே எங்களை வெளியே தள்ளினார்கள். செக்யூரிட்டி அடையாள அட்டையைப் பிடுங்க வந்தபோது மேரி கோபத்தில் தானே கழற்றி வீசினாள். நான் பயத்தில் பிடுங்கவிட்டேன்.

அவர்கள் குழாயை மூடவில்லை, மண் கொட்டி ஏரியைத்தான் மூடினார்கள். காலனி காலியாகி, மேரி செவ்வாப்பேட்டைக்குப் போய்விட்டாள். போன மாதம் அந்தப் பக்கம் போனேன். ஏரி இருந்த இடத்தில் லாரிகள் வரிசையாக நின்றன. ஒரு டிரைவரிடம் ஏரியைப் பற்றிக் கேட்டேன்.

"இங்க ஏதுக்கா ஏரி? மழ பேஞ்சா எங்கிருந்தோ முட்டிக்கால் தண்ணி வந்து நின்னுக்குது. ஒரே பேஜாரு."