கொலுக் குளத்தில் வெந்த ஆப்பிள்

ஐந்தாம் மாதம் முடிவதற்குள் அக்கா ஊருக்கு வந்துவிட்டாள். அதற்கு மேல் விமானம் ஏற வேண்டாம் என்று அங்கிருந்த டாக்டர் சொல்லியிருந்தார். மாமாவுக்கு வளைகுடாவில் வேலை. லீவு கிடைத்தால்தான் வர முடியும். வந்த நாளிலிருந்து அவளுக்குப் புளிப்பு மட்டும்தான் இறங்கியது. எலுமிச்சை ஊறுகாய் இல்லாமல் தயிர்ச்சோறுகூட உள்ளே போகாது. அப்படி ஒரு மாதம் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், திடீரென்று ஆப்பிள் கிரிஸ்ப் வேண்டும் என்றாள். அங்கே பக்கத்து ஃபிளாட் பெண் செய்து கொடுப்பாளாம். அடியில் குழைய வெந்த ஆப்பிள், மேலே மொறுமொறுவென்று ஓட்ஸ். போனில் படம் காட்டினாள்.

இதற்கு முன் ஒரு கரு மூன்றாம் மாதத்தில் கலைந்திருந்தது. அதனால் இந்த முறை அவள் எதைக் கேட்டாலும் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

பட்டியல் போடாமல் எனக்கு எந்த வேலையும் தொடங்க வராது. செராமிக் டிப்ளமோ படித்துவிட்டு, இங்கே பீங்கான் தொழிற்பேட்டையில் மின்சார ஃபியூஸ் கேரியர் செய்யும் ஒரு யூனிட்டில் தரப் பரிசோதனை பார்க்கிறேன். அந்தப் பழக்கம். ஆப்பிள் கடைவீதியில் வாங்க வேண்டும். பட்டை இருக்கிறது, பொடிக்க வேண்டும். நாட்டுச்சர்க்கரை, வெண்ணெய், கோதுமை மாவு இருக்கின்றன. ஓட்ஸ் அம்மாவுடையது; சர்க்கரை நோய்க்காகத் தினமும் கஞ்சி வைத்துக் குடிக்கிறாள். சின்ன ஓவன் ஒன்று உண்டு. அதற்குள் வைக்கப் பாத்திரம் மட்டும் இல்லை. எங்கள் எவர்சில்வர் தட்டுகள் ஒன்று அகலம் அதிகம், இல்லையென்றால் ஆழம் போதாது.

"அந்தப் பச்சைத் தட்டு சரியா இருக்கும்" என்றாள் அம்மா. "எலுமிச்சங்கா ஊறுகா இருக்குது அதுல. பாட்டில்ல மாத்திட்டுத் தரேன் இரு."

அது தட்டே இல்லை. கொலுவில் பூங்கா அமைப்பவர்கள் நடுவில் வைத்துத் தண்ணீர் ஊற்றுவதற்கான குளம். இரண்டு விரல் ஆழம், உட்பக்கம் முழுக்கப் பாசி போலப் பச்சை. அம்மா ஒரு பொம்மை யூனிட்டில் கண்ணும் உதடும் வரைகிறாள். ஓரம் கோணிப்போனதால் செகண்ட்ஸ் என்று அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். பேட்டையைச் சுற்றி செகண்ட்ஸ் இல்லாத வீடு கிடையாது. காது சாய்ந்த கப்பில்தான் டீ குடிப்போம். மூடி பொருந்தாத ஜாடியில்தான் உப்பு இருக்கும். விற்காத பொருள் சமையலறைக்கு வரும், யாரும் யோசிக்க மாட்டார்கள்.

நானும் வேறெதையோதான் யோசித்தேன். சூட்டில் அது வெடித்துவிடுமோ என்பதுதான் என் கவலை. அதனால் குளிர்ந்த ஓவனிலேயே வைத்து மெல்லச் சூடேற்றுவது என்று முடிவு செய்தேன்.

ஆப்பிளைத் தோல் சீவி, சற்றுக் கனமாக அரிந்து, எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் பட்டைப் பொடியும் போட்டுக் குலுக்கினேன். ஓட்ஸும் மாவும் குளிர்ந்த வெண்ணெயும் விரல்நுனியில் உதிரியாகும் வரை பிசைந்தேன். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நோயாளிக் கஞ்சிக்குப் போடறத எடுத்துப் பழத்து மேல கொட்டறீங்களே. இதத் திங்கவா ஏரோப்ளேன் ஏறிப் போனீங்க?"

"நீ பேசாம இரும்மா" என்றாள் அக்கா. "வெந்ததும் மொத ஸ்பூன் நீதான் கேப்ப."

ஓவன் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, ஓட்ஸ் சிவந்து, ஓரங்களில் ஆப்பிள் சாறு குமிழி விட்டுக் கொதித்துக்கொண்டிருந்தது. பட்டை வாசனை தெரு வரை போயிற்று. தட்டு வெடிக்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அம்மா முதல் ஸ்பூனைக் கேட்டு வாங்கினாள். பாதிக்கு மேல் அக்கா தின்றாள். ஓரத்தில் ஒட்டியிருந்த பாகை விரலால் வழித்து நக்கினாள்.

மத்தியானம் பாத்திரம் கழுவும்போதுதான் பார்த்தேன். மேல் ஓரத்தில் கண்ணாடி போல மின்னிய பச்சை, உள்ளே ஒரு மட்டத்துக்குக் கீழே மங்கியிருந்தது. சர்க்கரைப் பிசுக்கு என்று நினைத்து நாரால் தேய்த்தேன். நகத்தால் சுரண்டினேன். பிசுக்கு இல்லை. மெருகே போயிருந்தது. குழாயை மூடினேன்.

மெருகு என்பது மண் மேல் பூசிச் சுடும்போது உருகிப் படியும் கண்ணாடி. பொம்மைகளைக் குறைந்த சூட்டில் சுட்டு எடுக்க வேண்டுமென்பதால், அது சீக்கிரம் உருகச் சில இடங்களில் காரீயம் சேர்ப்பார்கள். காரீயம் விஷம்தான், ஆனால் பொம்மையை யாரும் தின்னப்போவதில்லை. பச்சை நிறம் தாமிரத்தால் வருவது. தாமிரம் கலந்தால் காரீயம் புளிப்பில் இன்னும் சுலபமாகக் கரைந்து இறங்கும். பரீட்சையில் இதை எழுதி முழு மார்க் வாங்கியிருக்கிறேன்.

தட்டைத் துடைத்து மதில் மேல் வெயிலில் வைத்தேன். நன்றாகக் காய்ந்ததும் கவிழ்த்து, அடியில் மெருகு படாத வளையத்தில் நாக்கை வைத்தேன். பேட்டையில் எல்லோரும் செய்வதுதான். அதிகச் சூட்டில் வெந்த மண் இறுகியிருக்கும், நாக்கு வழுக்கும். குறைந்த சூடென்றால் அது ஈரத்தை உறிஞ்சி நாக்கைப் பிடித்துக்கொள்ளும். ஊறுகாய் ஜாடிக்கான மண்ணாக இருக்கட்டும், வழுக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நாக்கு ஒட்டியது.

"ஏன்டி, உள்ள ஒண்ணும் மிச்சமில்லன்னு அடிய நக்கறியா?" அக்கா ஜன்னலில் நின்றிருந்தாள். "கேட்டிருந்தா ஒரு ஸ்பூன் வெச்சிருப்பேன்ல."

நான் சிரித்தேன். வாயில் மண் ருசி இருந்தது.

ஒரு தடவை தின்றதை நினைத்து மட்டும் நான் பயப்படவில்லை. அந்த மங்கல் ஒரே மத்தியானத்தில் வந்திருக்க முடியாது. அம்மாவிடம் போனேன்.

"இதுல ஊறுகா எப்பலேர்ந்து இருந்துதும்மா?"

"அவ வந்த மறுநாளே போட்டேன். தீரத் தீரப் போட்டுக்கினு இருக்கேன். ஏன்?"

"சும்மாதான்."

மூன்று வேளையும் அந்த ஊறுகாயைத்தான் அக்கா தொட்டுக்கொண்டாள். பட்டியல் போட்டால் எனக்கு மனது அடங்கும். அன்று போட்டுப் பார்த்தேன். தெரிந்தது: தட்டு பொம்மை மண்ணில் செய்தது, மெருகு கரைந்திருக்கிறது. தெரியாதது: அதில் காரீயம் உண்டா. தெரியாதது: எவ்வளவு. அடுத்த வரியை நான் போடவில்லை. பாட்டில் ஊறுகாயைக் கொல்லையில் குழி தோண்டிக் கொட்டினேன்.

சாப்பிடும்போது அக்கா தேடினாள். பூசணம் பூத்துவிட்டது, கொட்டிவிட்டேன் என்றேன்.

"என் கையால போட்ட ஊறுகா என்னைக்குடி பூசணம் பூத்துது?" அம்மாவுக்குக் கோபம். இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

தட்டை யூனிட்டுக்குக் கொண்டுபோய் வினிகர் ஊற்றி என் அலமாரியில் வைத்தேன். மறுநாள் அந்த வினிகரை எடுத்துக்கொண்டு, நான் படித்த இடத்து லேபுக்குப் போனேன். அங்கே என்னைத் தெரியும். ஒரு மூலையில் வேலை செய்ய விட்டார்கள். வினிகரைக் காய்ச்சி வற்றவைத்து, சோதனைக் குழாயில் ஊற்றி, அயோடைடு கரைசலைச் சொட்டினேன். தாமிரம் மட்டும் என்றால் பழுப்பாகக் கலங்கும், காரீயம் என்றால் பளிச்சென்று மஞ்சள் படியும். முதல் சொட்டு விழுந்த இடத்திலேயே மஞ்சள் பூத்தது. மாணவியாக இருந்தபோது அந்த மஞ்சள் எனக்குப் பிடித்த நிறம். குழாயைத் தாங்கியில் நிறுத்தினேன்.

அன்று சாயங்காலமே இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். காரீயம் கருவுக்குப் போகும், குழந்தையின் மூளை வளர்ச்சியைத் தொடும் என்பதையும் சொன்னேன். மறைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"தீயில வெந்ததுடி அது" என்றாள் அம்மா. "சூளையில அவ்ளோ சூட்டுல வெந்து வந்ததுல என்னா கெடுதி இருக்கும்? ஈயச் சொம்புல ரசம் வெச்சுக் குடிச்சுத்தான நாம வளந்தோம்?"

"அது வெள்ளீயம்மா. இது வேற. தீயால இது போகாது."

அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். அக்கா இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் வைத்திருந்தாள்.

"எவ்ளோ சாப்ட்டேன்னு டாக்டர் கேப்பாங்க" என்றாள் மெதுவாக. "நீதான் எல்லாத்தையும் கணக்கு வெச்சிருப்பியே. நீயே வந்து சொல்லு."

டாக்டரம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டார். "ஒரு வேளை தின்ன பண்டம் பெருசில்ல. மாசம் பூரா ஊறுகாதான் யோசனையா இருக்குது. ரத்தத்தப் பாத்துடுவோம், சென்னைக்கு அனுப்பணும்" என்றார். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை விடாமல் போடச் சொன்னார்.

ரிப்போர்ட் வரும் வரை நான் வேலைக்குப் போனேன், ஃபியூஸ் கேரியர்களைத் தட்டிப் பார்த்து விரிசல் விட்டவற்றை ஒதுக்கினேன், வீட்டுக்கு வந்தேன். அக்கா கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் படுத்திருந்தால் ஏதாவது சாக்கு வைத்து உள்ளே போவேன். வெந்நீர் வேணுமா, ஃபேனைக் குறைக்கட்டுமா.

"அசையுதுடி" என்பாள், கண்ணைத் திறக்காமலேயே. "போய் வேலையப் பாரு."

ரத்தத்தில் காரீயம் இருந்தது. இருக்க வேண்டியதைவிட அதிகம். ஆனால் மருந்து கொடுத்து வெளியேற்றும் அளவுக்கு இல்லை. "ஊறுகா நின்னுடுச்சுல்ல, தானா எறங்கும். அடுத்த மாசம் திரும்பப் பாப்போம்" என்றார் டாக்டரம்மா. குழந்தைக்கு ஒன்றும் ஆகாதே என்று அம்மா கேட்டாள். "இப்பவே கண்டுபிடிச்சது நல்லது" என்றார். அம்மா கேட்டதற்கு அது பதில் இல்லை என்று எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கும் புரிந்திருக்கும்.

அம்மா யூனிட்டில் எல்லோரிடமும் சொன்னாள். பலர் சிரித்தார்களாம். சிலர் வீட்டிலிருந்த தட்டுகளை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். நானும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து நாக்கை வைத்துப் பார்த்தேன். ஒட்டியவற்றில் சாமிக்குப் பூ மட்டும் போடச் சொன்னேன்.

இப்போது எட்டாம் மாதம். இரண்டாவது ரிப்போர்ட்டில் அளவு இறங்கியிருக்கிறது. ஸ்கேனில் வளர்ச்சி சரியாக இருக்கிறதாம். ஆனால் ஸ்கேனில் தெரியாதவை எவை என்றும் நான் படித்துவைத்திருக்கிறேன். படிக்காமல் இருந்திருக்கலாம்.

போன ஞாயிறு அக்கா மறுபடியும் ஆப்பிள் கிரிஸ்ப் கேட்டாள். கடைவீதியில் ஆழமான எவர்சில்வர் பாத்திரம் ஒன்றைப் புதிதாக வாங்கினேன். அதே ஆப்பிள், அதே ஓட்ஸ், அதே வாசனை. அம்மா இந்த முறை கேலி பேசவில்லை. ஓவன் பக்கத்திலேயே நின்றிருந்தாள். ஆறியதும் பாத்திரத்தை அக்காவின் முன் வைத்தேன். ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு அவள் என்னைப் பார்த்தாள்.

"இதோட அடிய நக்கிப் பாத்தியா?"

"இது எவர்சில்வருக்கா."

"பாத்தியா, இல்லியா?"

"பாத்தேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டு, ஓட்ஸை உடைத்து ஸ்பூனை உள்ளே இறக்கினாள்.