வெள்ளையில் ஒரு டொலர்

சக்கரம் சுழலுமுன் அருள்நாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஸ்காஃப் நுனியால் இரண்டு பக்கமும் துடைத்து மாட்டிக்கொள்கிறார். ஒரு டொலர் வில்லையை வெள்ளைக் கட்டத்தில் வைக்கிறார். பிறகு தீர்ப்புக்குக் காத்திருப்பவர்போலக் கைகட்டி நிற்கிறார். சிவப்புக் கட்டத்தில் அவர் ஒருநாளும் வைத்ததில்லை.

கசினோ என்றதும் பளிங்குத் தூண்களை நினைக்க வேண்டாம். தர்மகாரியங்களுக்கு நிதி சேர்க்க அரசாங்கம் அனுமதித்த நாடோடிச் சூதாட்டம் இது. மூன்று நாள் ஒரு மண்டபம். பிறகு மேசை, சக்கரம், தேநீர் அண்டா எல்லாம் லொறியேறி அடுத்த மண்டபத்துக்குப் போகும். அருள்நாயகமும் பஸ் மாறி மாறிப் பின்னால் போவார். இந்த முறை நகர விளிம்பிலுள்ள மில்லிக்கனில், கம்பளக் கடைக்கு மேல்மாடி. போன கிழமைக் கலியாணத்துக் கோழிக்கறி இன்னும் மணக்கிறது.

பத்து டொலருக்கு மேல் பந்தயம் கிடையாது. இங்கே வீட்டைத் தோற்க வேண்டுமானால் மார்க்கண்டேயரின் ஆயுள் வேண்டும். வெள்ளைக்காரக் கிழவிகள் கம்பளிநூலோடு வந்து, சூடான இடத்தில் மலிவாகப் பொழுதைப் போக்குகிறார்கள். பேரன் பிறந்தபோது ஒருத்தி இங்கே பின்னத் தொடங்கிய காலுறை அவனுடைய கலியாணத்துக்குத்தான் முடிந்ததாம். விசாரித்துவிட்டேன், உண்மைதான்.

அருள்நாயகம் பணத்துக்காக வருவதில்லை. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த இரவில், பாலத்து நெரிசலில் அவருடைய மகன் பிரியந்தன் தாயின் கையிலிருந்து நழுவிப்போனான். இன்றுவரை தகவல் இல்லை. ஊரில் என்றால் பிள்ளையார் முன் வெள்ளைப்பூவும் சிவப்புப்பூவும் பொட்டலம் கட்டிப் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்ப்பார்கள். வெள்ளை வந்தால் ஆள் உயிரோடு.

"இஞ்சை கோயிலிலையும் பாக்கலாமே, அண்ணை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஐயர் என்னைத் தெரிஞ்ச மனுசன். பாவம் பாத்து ரெண்டிலையும் வெள்ளையைக் கட்டிப்போடுவார். உந்தச் சுத்திற சில்லுக்கு நான் ஆர் எண்டு தெரியுமே?"

வெள்ளை விழுந்தால் பேக்கரி வேலைக்குச் சீட்டியடித்துக்கொண்டு போவார். சிவப்பு விழுந்தால், "கேள்வியைப் பிழையாக் கேட்டுப்போட்டன்" என்று இன்னொரு டொலர். அண்மைக்காலமாக வெள்ளைதான் அதிகம். மகனுக்கென்று பனிக்காலச் சப்பாத்துக்கூட வாங்கி வைத்திருந்தார்.

நிரந்தரக் கசினோக்கள் வரப்போகின்றன என்று நாடோடிக் கசினோக்களை நிறுத்திவிட்டார்கள். கடைசி நாள் பின்னேரம், சக்கரம் சுழற்றும் கிறிஸ்ரினா, பருத்தித்துறைப் பெண், அவரைக் கண்டதும் சிரித்தாள்.

"வாங்கோ அங்கிள். உது கடைசிச் சுத்து. யோசியாதேங்கோ, வெள்ளையிலைதான் நிக்கும்."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"சில்லுக்குப் பின்னாலை மெல்லமா விரலை வைச்சா நிக்கும்."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அப்ப முந்தி விழுந்த வெள்ளையள்?"

அவள் சிரிப்பை விழுங்கினாள். "எல்லாம் இல்லை, அங்கிள். சிலதுதான். சிவப்பு விழேக்கை உங்கடை முகத்தைப் பாக்கேலாமல் கிடந்தது."

"எதெது, பிள்ளை?"

"எனக்கு… ஞாபகமில்லை."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பின்னால் கதிரைகளை மடக்கி அடுக்கும் சத்தம். பிறகு வில்லையை வெள்ளையில் வைத்தார்.

"தள்ளி நில்லு. ரெண்டு கையையும் மேசையிலை வை."

கிறிஸ்ரினா வைத்தாள். அவரே போய்ச் சக்கரத்தைப் பிடித்து, முழுப்பலத்தோடும் இழுத்து விட்டார். வெள்ளையும் சிவப்பும் கலந்து ஒரே நிறமாய்ச் சுழன்றது. சக்கர விளிம்பின் ஆணிகளில் தோல்நாக்கு படபடவென்று அடித்து, மெல்ல மெல்லத் தளர்ந்தது. ஒவ்வொரு நிறமும் தனித்தனியாய்த் தெரியத் தொடங்கிய நேரம், அருள்நாயகம் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலே, கோட்டுப் பைக்குள் போட்டார்.