கைப்பிடி இல்லாத ஆயுதம்

புறா வால் இணைப்பை நான் கண் அளவில் அறுத்தவன் அல்ல. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. ஒரு பலகையின் ஓரத்தைப் புறாவின் வால்போல விரித்து அறுத்து, இன்னொரு பலகையின் பள்ளங்களில் பூட்டினால் ஆணியே வேண்டாம். ஆனால் எல்லா வாலுக்கும் சாய்வு ஒன்றாக இருக்க வேண்டும். அதற்காக 1991இல், பழைய தேக்கு வாசல்நிலையின் துண்டு ஒன்றைச் சீவி நானே ஒரு ஜிக் செய்தேன். உள்ளங்கை அளவு கட்டைதான். பலகையின் விளிம்பில் பிடித்துக்கொண்டால், ரம்பம் அதன் சாய்ந்த முகத்தை ஒட்டியே இறங்கும். மூன்று துண்டுகளை வீணாக்கிய பிறகு சரியாக வந்தது.

படப்பையில் எங்கள் வீட்டை ஒட்டியே என்னோடு கூட்டாகப் பட்டறை வைத்திருந்தவர் என் மனைவியின் அண்ணன். கோடுகூடப் போடாமல் அறுக்கிற கை அவருக்கு. நடைவண்டி பிடித்து நடக்கிற பிள்ளை என்று என்னைக் கேலி செய்வார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம்.

அந்த ஆண்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமுக்கு, அளவுக் கருவிகள் வைக்கும் இழுப்பறைப் பெட்டி செய்ய ஆள் தேடினார்கள். முதலில் மாதிரிக்கு ஒரு இழுப்பறை கேட்டார்கள். நான்தான் செய்வேன், ஜிக் வைத்துத்தான் செய்வேன் என்று அடம்பிடித்தேன். இடைவெளி தெரிந்தால் கட்டையை அடுப்பில் போட்டுவிடுகிறேன் என்றும் வாயை விட்டேன்.

இடையில் ஆயுத பூஜை வந்தது. உளி, ரம்பம், கொட்டாப்புளி எல்லாம் வரிசையாக உட்கார்ந்தன. நான் ஜிக்கை வைக்கப் போனபோது மச்சான் தடுத்தார்.

"இது இன்னா ஆயுதமா மாப்ள? கட்டத் துண்டுக்கெல்லாம் பூஜ போட்டுக்கினு."

என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. கட்டையை என்னிடமிருந்து வாங்கி, வரிசையில் முதலாவதாக வைத்தாள். மற்றவற்றுக்கெல்லாம் கைப்பிடியில் பொட்டு. இதற்குக் கைப்பிடி ஏது? வழவழவென்றிருந்த சாய்ந்த முகத்தில், கட்டைவிரல் நிறையச் சந்தனம் எடுத்து அப்பிக் குங்குமமும் வைத்தாள்.

பூஜைப் பொட்டைத் துடைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. அது தானாக உதிர வேண்டும். மறுபூஜை முடிந்ததும் அப்படியே எடுத்து மாதிரிப் பலகைகளை அறுத்தேன். பூட்டிப் பார்த்தால், நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. மச்சான் குனிந்து பார்த்துவிட்டு, அடுப்பு பற்ற வைத்தாயிற்றா என்று மட்டும் தங்கையிடம் கேட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கட்டையை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்கே போய்விட்டேன். அவள்தான் அதை என் கையிலிருந்து பிடுங்கினாள். அதன் முகத்தைத் தடவிய விரல் நடுவில் நின்றது. சந்தனம் காய்ந்து மேடாகியிருந்தது. ரம்பம் அதில் ஏறிச் சாய்ந்திருக்கிறது.

"கட்ட மேல தப்பு இல்லீங்க. நான் வெச்ச பொட்டுதான்."

அவள் முகம் சின்னதாகிப்போனது. துடைக்க அவளுக்குக் கை வரவில்லை. நான் கட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்தேன்.

புதுப் பலகையில் மறுபடி அறுத்துப் பூட்டி, தொழிற்சாலைக்குக் கொண்டுபோனோம். டூல் ரூம் சூப்பர்வைசர் தாள்போல மெல்லிய எஃகுத் தகட்டை எடுத்து, ஒவ்வொரு வாலின் ஓரத்திலும் நுழைக்கப் பார்த்தார். எங்கேயும் நுழையவில்லை. எந்த மிஷினில் வெட்டினீர்கள் என்று கேட்டார். கையால்தான் சார் என்றேன். அன்று எனக்கு வந்த கர்வத்தை மறைக்க நான் முயலவே இல்லை. கூட வந்திருந்த மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி வேலை எங்களுக்கே கிடைத்தது.

அடுத்த ஆயுத பூஜைக்கு, வம்பு எதற்கு என்று நான் ஜிக்கை எடுக்கவே இல்லை. வரிசை வைத்தது மச்சான். உளிக்கும் ரம்பத்துக்கும் நடுவில் ஓர் இடம் விட்டுவிட்டு, என்னிடம் கையை நீட்டினார். கொடுத்தேன். சாய்ந்த முகம் அடியில் இருக்கும்படி அதைத் திருப்பி வைத்தார். தங்கை கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, அதன் முதுகில் பொட்டு வைத்தார்.