அப்பாவுக்குக் கோப்பி கொண்டுபோன பாக்கியம் அக்கா

பாக்கியம் அக்கா போய்விட்டார். இன்று காலை, பினாங்கு டத்தோ கிராமாட்டில், மகள் வீட்டில்... தூக்கத்திலேயே.

அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா, தெரியவில்லை. இருவரும் ஒரே கப்பல் ஆபீஸில் வேலை பார்த்தோம். நான் குமாஸ்தா, அவர் டெலிபோன் ஆபரேட்டர். மேனேஜரிடமே "கொஞ்சம் பொறுங்க லா" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள்.

அக்கா ஜப்பான்காரன் காலத்துப் பிள்ளை. தாசேக் கெலுகோர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். அவர் அம்மா வயிற்றில் இருக்கும்போதே அப்பாவை ஜப்பான்காரர்கள் சயாமில், இப்போதைய தாய்லாந்தில், ரயில் பாதை போட லாரியில் ஏற்றிப் போனார்கள்.

அன்று காலை அம்மா அவித்த மரவள்ளிக்கிழங்கும், பாலும் சீனியும் இல்லாத கறுப்புக் கோப்பியும் கொடுத்தாராம். அப்பா பாதிக் கோப்பியை வைத்துவிட்டு ஓடிப்போய் லாரி ஏறினாராம்.

திரும்பவில்லை. இறந்துவிட்டார் என்று சேதியும் வரவில்லை. அதனால் அம்மா கடைசிவரை பொட்டை அழிக்கவில்லை. வீட்டில் ஒரு முறைகூடத் திவசம் கொடுக்கவில்லை.

அம்மா காலமான பிறகு, எழுபதை நெருங்கிய வயதில், அக்கா எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, எங்கப்பாவுக்கு ஒரு தடவையாவது அந்த ரயில் பாதையில படைச்சிடணும். சயாமுக்குப் போறோம். ரூல்ஸெல்லாம் நீ படி. பேசுறத நான் பாத்துக்கிறேன்."

இருவருக்கும் அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டுமாம், இறங்கியதும் ஒரு கார்டு நிரப்ப வேண்டுமாம், கோலாலம்பூரில் விமானம் மாறும்போது பெட்டி தானாக வருமோ வராதோ... எல்லாம் படித்தேன். படிக்கப் படிக்கப் பயம்தான் கூடியது.

அப்பாவுக்குப் படைக்க அக்கா அவித்த கிழங்கும் ஒரு பிளாஸ்க்கில் கோப்பியும் கொண்டுவந்திருந்தார். பினாங்கில் அந்தப் பிளாஸ்க்கை யாரும் கேட்கவில்லை. அது உள்நாட்டு விமானம். கோலாலம்பூரில், பாங்காக் விமானத்துக்கு மாறும் இடத்தில் நிறுத்திவிட்டார்கள். திரவம் கூடாது என்ற விதி ஷாம்பு, சென்ட் போன்றவற்றுக்குத்தான் என்று நான் நினைத்திருந்தேன்...

சோதனையில் நின்றது ஒரு தமிழ்ப் பெண்.

"பாட்டி, கோப்பி கொண்டுபோக முடியாது. இங்கயே குடிச்சிடுங்க."

"படைக்கிறதுக்கு முன்னால எப்படிம்மா குடிக்கிறது? எச்சிலாயிடும் லா. இது எங்கப்பாவுக்கு."

"அப்பா எங்க இருக்காரு?"

"சயாம்ல."

"அவருக்கு என்ன வயசு பாட்டி?"

"இருபத்தெட்டு."

அந்தப் பெண் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானோ அடுத்த விமானம் போய்விடுமே என்று கடிகாரத்தைப் பார்த்தேன்.

விதி விதிதான். ஆனால் அவள் பிளாஸ்க்கைப் பிடுங்கவில்லை. "நீங்களே ஊத்திடுங்க பாட்டி. காலி பிளாஸ்க் போகலாம். அங்க போய் வேற கோப்பி வாங்கிக்குங்க" என்றாள், மெதுவாக.

"சரிம்மா. கிழங்கு?"

"கிழங்கு போகலாம் லா!"

வரிசையே சிரித்தது. அக்காவும் சிரித்துக்கொண்டேதான் ஊற்றினார்.

சயாமில், காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில், அந்த ரயில் பாதை வேலையில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்த கற்கள் வரிசை வரிசையாக இருந்தன. தமிழ்ப் பெயர் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. நான்தான் சரியாகப் பார்க்கவில்லையோ என்னவோ... அக்கா நிற்கவில்லை. ரயில் பாதையைப் பார்த்து நடந்தார்.

வழியில் ஒரு கடை. பால் வேண்டாம், சீனி வேண்டாம் என்று சயாம்காரியிடம் கையாலேயே பேசி, பிளாஸ்க் நிறையக் கோப்பி வாங்கினார். எனக்கு அந்தத் துணிச்சல் ஏழு பிறவிக்கும் வராது.

தண்டவாளத்து ஓரம் இலை போட்டுக் கிழங்கை வைத்தார். காற்றில் சூடம் நிற்கவில்லை. நான் குடையை விரித்து மறைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

"அம்மா பொட்டோடதான் போனாங்கப்பா," என்றார் அக்கா. "நீங்க கோப்பியக் குடிங்க."

போய் வாருங்கள், அக்கா. அப்பா உங்களைப் பார்த்ததே இல்லை... தயங்குவார். நீங்களே முதலில் போய், இன்னார் மகள் என்று சொல்லுங்கள்.