கம்பைநல்லூரில் திரும்பப் பெற்ற பொய்

காலை ஏழு மணிக்கு நல்லம்பள்ளியில் பஸ் ஏறினேன். தருமபுரி போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் கம்பைநல்லூர். மொத்தம் நாற்பது கிலோமீட்டர் இருக்கலாம். கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். போகும் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மகள் நிவேதா அயர்லாந்தில் முதுகலை படிக்கிறாள். மாணவர்களுக்கு அனுமதித்த வாரம் இருபது மணி நேரம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டித் துணி மாற்றும் வேலை. கம்பைநல்லூரில் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டாரிடம், பல்கலைக்கழக நூலகத்தில் வேலை என்று சொல்லிவிட்டேன். எனக்குக் கூச்சம், வேறு காரணம் இல்லை. அவளுக்கு இது தெரிந்ததும், "நீங்களே போய் உண்மையச் சொல்லுங்கப்பா. அதுக்கப்புறம் பேசலாம்" என்று போனை வைத்தவள், அதன்பின் பேசவில்லை.

தருமபுரியில் எட்டு மணி டவுன் பஸ். முன் சீட்டில் காலித் தக்காளிக் கூடையோடு ஓர் அம்மாள்.

"பொம்பளைங்க எங்களுக்கு ஃப்ரீ. பெரியவருதான் பாவம், காசு குடுக்கணும்" என்று சிரித்தார். "வெள்ளையும் சொள்ளையுமா எங்கீங்க, கல்யாண ஜோலியா?"

"ஒரு பொய் சொல்லியிருந்தேன். அதைத் திரும்ப வாங்கப் போறேன்."

கண்டக்டர் திரும்பினார். "அதுக்கு லக்கேஜ் டிக்கெட் போடட்டுங்களா?"

"போடுய்யா, கனமாத்தான் இருக்கும்" என்றார் கூடைக்கார அம்மாள்.

மாந்தோப்புகளும் தென்னைகளும் பின்னால் போயின. திரும்பிப் போய்விடலாமா என்ற எண்ணம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வந்தது. இறங்கவில்லை.

ஒன்பதரைக்கு மாப்பிள்ளை வீட்டை அடைந்தேன். மாப்பிள்ளை பெங்களூரில் வேலையில் இருக்கிறார்; தகப்பனார் புளி மண்டி வைத்திருக்கிறார். கொடுத்த காபியைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். தகப்பனார் முகத்தைச் சுளித்தார். தாயாரின் முகமோ மலர்ந்தது.

"அட, இதுக்கா சார் இம்புட்டு தூரம் வந்தீங்க? எங்க மாமனாரு ரெண்டு வருசமா உள்ரூம்ல படுத்த படுக்கை. ஆள் வெச்சா ஒரு மாசம் நிக்க மாட்டேங்குறாங்க. வேலை தெரிஞ்ச புள்ளையே நம்ம வூட்டுக்கு வருதுன்னா சந்தோசந்தானுங்களே!"

"லைப்ரரிய விட இது உபயோகம்" என்றார் தகப்பனார், சற்றுத் தெளிந்து.

சம்பந்தம் தப்பித்தது என்று நான் தலையாட்டினேன். அதையும் மறைக்க விரும்பவில்லை. உள்ளறையிலிருந்து இருமல் கேட்டது. என் தாய் அப்படிக் கிடந்தபோது துணி மாற்றியவள் என் மனைவி. அவள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "சும்மா வீட்டில்தான் இருக்கிறாள்" என்பேன். அவளிடம் வருத்தம் சொல்ல இப்போது அவள் இல்லை.

"அம்மா, அங்க அவ அதைச் சம்பளத்துக்குச் செய்யறா. படிச்ச படிப்புக்குத்தான் அடுத்து வேலைக்குப் போவா. அவளை நம்பி இங்க ஆள் வெக்கறத நிறுத்தாதீங்க."

"வூட்டுப் பெரியவங்களுக்குச் செய்யக்கூடவா கணக்குப் பாப்பாங்க?"

"செய்வா. உங்க பையன் பாதி செய்வாருங்களா?"

தாயார் கணவரைப் பார்த்தார். "பேசி முடிச்சத நீங்களே கலைக்கிறீங்க சார்" என்றார் தகப்பனார்.

"கலைக்கலைங்க. இதைச் சொல்லாமப் போனா, அது ரெண்டாவது பொய்."

வாசல்வரை யாரும் வரவில்லை.

அயர்லாந்தில் விடியட்டும் என்று பஸ் நிறுத்தத்திலேயே காத்திருந்து, பகல் பன்னிரண்டுக்கு மகளை அழைத்தேன். அங்கே காலை நேரம். உண்மையைச் சொல்லிவிட்டேன் என்றேன்; மாமனாரைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தது என்று தாயார் மகிழ்ந்ததையும், நான் திருப்பிக் கேட்டதையும் சொன்னேன். நான் தலையாட்டியதையும் சொன்னேன். எதிர்பாராமல் சிரித்தாள்.

"அவங்களாவது நெனச்சத நேராச் சொன்னாங்கப்பா."

அவளே தொடர்ந்தாள்.

"ஞாயித்துக்கெழம அவங்க பையன்கிட்ட நானே கேக்கறேன், பாதி செய்வீங்களான்னு. அதுல தெரிஞ்சிடும், இந்தக் கல்யாணம் வேணுமா வேண்டாமான்னு."

அவள் அங்கே போய் ஓராண்டு ஆகிறது. இதுவரை கேட்காததைக் கேட்டேன்: "அந்த வேலைய எப்படிம்மா செய்யறே?"

கனத்த மனிதர் ஒருவரை வலிக்காமல் ஒருக்களித்துப் படுக்க வைப்பதை அவள் சொல்லத் தொடங்கினாள். முழங்காலை எங்கே மடக்க வேண்டும், முதலில் அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது வரை. தருமபுரி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கூப்பிட்டார். கையசைத்துப் போகச் சொல்லிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.